வருகைப் பதிவேட்டில் இல்லாத வண்டு

பத்து வருஷம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன் பெயர் ஒரு தாளில் வந்தால் அதன் கீழே தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். இப்போது மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். கையெழுத்து வாங்க வழியில்லை. பாகலூர் சாலையில் இருக்கும் எங்கள் லேஅவுட்டில் எல்லோரும் அவரைக் குவாலிட்டி சார் என்றுதான் அழைத்தோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பேருந்துகளுக்குப் பிரேக் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். விருதுநகர்ப் பக்கம் பிறந்து, இளவயதில் ஓசூருக்கு வந்து, குளிருக்கு ஸ்வெட்டரும் குறைக்குக் காரணமும் தேடக் கற்றுக்கொண்டவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஏழு மணிக்கு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் முனையில் போய் நின்றார். பஸ் நிற்கவில்லை. ஏழு பத்துக்குத் திரும்பி வந்தார். ஏழேகாலுக்கு ஒரு நீளமான பதிவேடு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நீலமும் சிவப்புமாக இரண்டு பேனாக்கள் சகிதம் வீட்டுத் தோட்டத்தில் வந்து உட்கார்ந்தார். என் நாட்குறிப்பில் நேரத்தோடு இருக்கிறது. அன்றைக்குத்தான் அந்தத் தோட்டத்துக்கு நிர்வாகம் வந்தது.

அதுவரை தோட்டம் அவர் மனைவியின் கையில் இருந்தது. அவரை நாங்கள் அக்கா என்போம். வீட்டுக்குப் பின்னால் இன்னொரு மனை அளவு இடம். செம்பருத்தி, இட்லிப்பூ, துளசி, கறிவேப்பிலை, எலுமிச்சை, வேலியோரம் பீர்க்கு, நடுவில் மூங்கில் பந்தல் போட்டு அதன்மேல் பேஷன் ஃப்ரூட் கொடி. எந்த ஆவணமும் இல்லாமல் எல்லாம் காய்த்துக்கொண்டிருந்தன.

முதல் வாரத்திலேயே பதிவேட்டை எனக்குக் காட்டினார். அவரே கோடு போட்டது. வரிசை எண், உள்ளே வந்த நேரம், வந்தவர், பார்க்க வந்த பூ, வந்த காரியம், வெளியே போன நேரம், குறிப்பு.

"சார், இதெல்லாம் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்குமா?" என்று கேட்டேன்.

"பின்ன? என் இடத்துக்குள்ள வருது, வேலை பாக்குது, போகுது. என்ட்ரி வேண்டாமா? எழுதாதது நடக்காதது சார்."

இது அவருடைய முதல் வேதவாக்கு. வந்த காரியம் என்ற கட்டத்தில் தேனீக்கு எதிரே 'அலுவல்' என்று இருந்தது. பட்டாம்பூச்சிக்கு எதிரே 'சொந்த வேலை'.

"பட்டாம்பூச்சியும் தேன்தான சார் குடிக்குது?"

"குடிக்குது. ஆனா அது ஒரு பூவுல உக்காரும், சும்மா ரெண்டு சுத்து சுத்தும், திரும்ப வரும். தேனீயைப் பாருங்க. வந்துச்சா, வேலைய முடிச்சுச்சா, அடுத்த பூவுக்குப் போச்சா. தேனீ பர்மனென்ட். பட்டாம்பூச்சி கான்ட்ராக்ட். நடையிலயே தெரியும்."

எறும்பை செக்யூரிட்டி என்றார். குளவியை மட்டும் யூனியன் தலைவர் என்று சொல்லிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பழைய பயம்.

இரண்டாவது மாதம் தோட்டத்தில் மஞ்சள் கோடுகள் வந்தன. தொழிற்சாலைக்குள் நடைபாதைக்குப் போடுவது போல, சிமென்ட் தளத்தில் அளவெடுத்துப் போட்ட கோடுகள். மண்வெட்டிக்கு ஒரு கட்டம், வாளிக்கு ஒரு கட்டம், உதிர்ந்த இலைக்கு ஒரு கட்டம். இலைகள் கட்டத்துக்கு வெளியே விழுந்தன. அதற்கு ஒரு குறை அறிக்கை எழுதி, காரணம் 'காற்று' என்று போட்டு, பொறுப்பாளர் என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்தார். அவருடைய இரண்டாவது வேதவாக்கு அதுதான்: "காரணம் இல்லாத குறை கிடையாது சார். ஆள் இல்லாத காரணமும் கிடையாது." கடைசியில் பொறுப்பாளர் என்ற இடத்தில் எல்லம்மா என்று எழுதினார்.

எல்லம்மா பாகலூருக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். தளிப் பக்கம் ரோஜாத் தோட்டத்து ஷெட்டுகளில் வருஷக்கணக்காகக் குனிந்து வேலை பார்த்து முட்டி தேய்ந்து, இனிக் குனிய முடியாது என்று ஆனபிறகு எங்கள் லேஅவுட்டில் நான்கு வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்தவர். என் வீடும் அந்த நான்கில் ஒன்று. வேறு வருமானம் அவருக்கு இல்லை.

பொறுப்பாளராக எழுதப்பட்டதைச் சொன்னதும் எல்லம்மா துடைப்பத்தை மஞ்சள் கட்டத்துக்குள் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டார். "காத்துக்கு நானா சார் பொறுப்பு?"

"காத்துக்கு இல்லம்மா. காத்தால விழுந்த இலைக்கு."

"அப்ப மழைக்கு யாரு? அம்மாவா?"

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "என்னைய இழுக்காத எல்லம்மா. எனக்கு ஏற்கெனவே சமையல்ல ரெண்டு அறிக்கை நிலுவையில கெடக்கு."

அக்காவும் அவரை விடுகிறவர் இல்லை. ஒரு முறை கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுக்கள் ஏறி இலையை மொட்டையடித்தன. குவாலிட்டி சார் ஒவ்வொன்றாக எண்ணி, டப்பாவில் போட்டு, 'நிராகரிக்கப்பட்ட சரக்கு' என்று சீட்டு ஒட்டி அப்புறப்படுத்தினார். அடுத்த மாதம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு கவலையோடு என்னிடம் வந்தார். கறுப்பும் மஞ்சளுமாக வரும் பெரிய பட்டாம்பூச்சியின் வருகை அறவே நின்றுவிட்டதாம். காரணம் தெரியவில்லையாம். அக்கா காபியை வைத்துக்கொண்டே சொன்னார்.

"புழுவையெல்லாம் டப்பாவுல அடைச்சுத் தூக்கிப் போட்டுட்டு, பட்டாம்பூச்சி லீவு லெட்டர் குடுக்காம நின்னுபோச்சுன்னு தேடுறீகளே. அதோட பிள்ளைதான அது?"

அவர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். "அந்தப் பட்டாம்பூச்சி வந்து முட்டை வைக்கிறப்ப என்ட்ரியில 'சொந்த வேலை'ன்னுதான் போட்டிருக்கேன். அது விவரம் சொல்லலை," என்றார். தப்பு பட்டாம்பூச்சி மேல்தான் என்று முடிந்தது.

பீர்க்கங்காய் விவகாரம் இன்னும் மோசம். பதிவேடு காலை ஏழு மணிக்குத் திறக்கும், மாலை ஐந்து மணிக்கு மூடும். ஜெனரல் ஷிப்ட். ஒரு மாதம் முழுக்கப் பீர்க்கம்பூவுக்கு எதிரே 'வருகை இல்லை' என்றே இருந்தது. ஆனால் வேலியில் பிஞ்சுகள் தொங்கின. யாரும் வராமல் எப்படிக் காய்த்தது? ஆவணமில்லாத காய் என்று அவற்றைப் பறிக்கக் கூடாதென்று தடை போட்டார்.

"சார், பீர்க்கம்பூ சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேலதான் விரியும்," என்றார் எல்லம்மா. "நீங்க நோட்ட மூடிக்கினு உள்ள போறீங்க, அது தொறக்குது. அதுக்கப்புறம் வண்டும் பூச்சியுமா வந்துக்கினே இருக்குது."

"செகண்ட் ஷிப்டா? எனக்கு யாரு தகவல் சொன்னா?"

"பூ உங்களுக்கு போனு போட்டா சொல்லும்?"

இரண்டாம் ஷிப்டுக்குத் தனிப் பதிவேடு கோடு போட்டு முடிப்பதற்குள் காய்களெல்லாம் முற்றி நாராகிவிட்டன. அந்த வருஷம் முழுக்க எங்கள் தெருவில் எல்லோரும் பீர்க்கங்காய் நாரால் முதுகு தேய்த்துக் குளித்தோம். தரமான நார்.

இவையெல்லாம் சிரித்துக் கடந்துவிடக் கூடியவை. அடுத்தது அப்படியில்லை.

அக்காவின் பேஷன் ஃப்ரூட் கொடி நின்ற மூங்கில் பந்தலில், கட்டைவிரல் பருமனில் பளபளவென்று ஒரு கருவண்டு குடியிருந்தது. ஒன்றல்ல, பல. மூங்கிலில் வட்டமாகத் துளை போட்டு உள்ளே போகும், வரும்போது ஸ்கூட்டர் போலச் சத்தம். துளை போடும்போது மஞ்சளாக மரத்தூள் கொட்டும். அது நேரே மஞ்சள் கோட்டின் மேல் விழுந்தது. காலையில் பெருக்கினால் மதியம் மறுபடியும் கொட்டிக் கிடக்கும்.

குவாலிட்டி சாரின் கண்ணில் அந்த வண்டு விருந்தாளி இல்லை. அதற்கு வருகைப் பதிவேட்டில் இடமே தரவில்லை. அதற்கென்று 'சொத்துச் சேதப் பதிவேடு' என்று தனியாக ஒன்று வைத்தார். துளை எண், விட்டம், ஆழம். விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். "எல்லாத் துளையும் ஒரே அளவு சார். எங்க ட்ரில்லிங் செக்‌ஷன்ல இப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைக்கலை," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஆனாலும் சேதம் சேதம்தானே.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் மூங்கில்கள் முழுவதையும் கழற்றினார். 'பழுதான பொருள் அகற்றல்' படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, லாரிக்காரரிடம் கொடுத்தார். அந்த இடத்தில் இரும்புக் குழாய்ப் பந்தல் வந்தது. பச்சை பெயின்ட். பற்றவைக்க வந்தவர், "குழாய் வாயெல்லாம் அடைக்கணுமா சார்? சும்மா விட்டா என்ன?" என்று கேட்டதற்கு, ஒன்று விடாமல் மூடி போட்டே ஆக வேண்டும் என்றார். ஒரு மாதத்தில் சுவரில் ஒரு வரைபடம் மாட்டினார். சேதம்: பூஜ்யம். பக்கத்தில் ஒரு பச்சை நட்சத்திரம்.

அடுத்த பருவத்தில் கொடி பந்தலை மூடிப் பூத்தது. ஊதாவும் வெள்ளையுமாகக் கடிகார முகம் போன்ற பூக்கள். காலையில் விரிந்தன, மதியத்துக்கு மேல் சுருண்டன, மறுநாள் காம்போடு உதிர்ந்தன. ஒரு பிஞ்சு இல்லை. அதற்கு முந்தைய வருஷங்களில் அக்கா தெருவுக்கே பழம் கொடுத்தவர். ரம்ஜானுக்கு மூன்றாவது வீட்டுக்குக் கூடையில் போகும்; அங்கிருந்து பிரியாணி வரும். அந்த வருஷம் கூடை போகவில்லை. பிரியாணி வந்தது. அக்காவுக்கு அதுதான் அவமானமாக இருந்தது.

குவாலிட்டி சார் பதிவேட்டை ஆராய்ந்தார். பேஷன் ஃப்ரூட் பூவுக்கு எதிரே தேனீக்களின் வருகை நிறைவாக இருந்தது. "அட்டெண்டன்ஸ் ஃபுல்லா இருக்கு சார். புரொடக்‌ஷன் இல்லை," என்றார். முப்பது வருஷத்தில் இப்படிப்பட்ட நிலைமைக்கு அவர் எழுதிய அறிக்கைகளில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதானாம்: தொழிலாளியின் கவனக்குறைவு. தான் எழுதிய ஒரு அறிக்கைகூட மேலிடத்திலிருந்து திரும்பி வந்ததில்லை என்று அவருக்குப் பெருமை உண்டு. அந்தக் கடைசி வரியால் எத்தனை பேர் மறுநாள் வேலைக்கு வராமல் போனார்கள் என்பதற்கு அவரிடம் பதிவேடு இல்லை.

எல்லம்மாவுக்கு முதல் மெமோ வந்தது. அதிகத் தண்ணீர் ஊற்றியதால் பூ உதிர்ந்தது. ஏழு நாளில் விளக்கம் தேவை.

எல்லம்மா தாளை வாங்கிக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார். "தண்ணியில்ல சார். அந்த மூங்கிலத் தூக்கிப் போட்டீங்களே..."

"வாயில சொல்லாதம்மா. எழுத்துல குடு. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு."

"எழுதியா?"

"எழுதித்தான். எழுதாதது நடக்காதது."

நான்காம் நாள் எல்லம்மா ஒரு கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். அங்கே பாடம் தெலுங்கில். ஆகவே பதிலும் தெலுங்கில் இருந்தது. குவாலிட்டி சாருக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அவர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தேதி இருந்தது. இடது பக்கம் ஓரம் விட்டிருந்தது. கீழே கையெழுத்து இருந்தது.

"பாருங்க சார், என்ன நேர்த்தியா எழுதியிருக்கு," என்று என்னிடம் பாராட்டினார். 'பெறப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையைக் குத்தினார். துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். விளக்கம் உரிய காலத்துக்குள் வந்துவிட்டதால் முதல் மெமோ முடிக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதினார்.

இதைப் படித்துப் பார்க்க யாரையாவது கேட்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அன்றைய என் குறிப்பில் 'எல்லம்மா பதில் கொடுத்தார், மாலை 4.20' என்று மட்டும் இருக்கிறது. நேரம் சரியாக இருக்கிறது.

தன் பதிலைச் சார் படித்துவிட்டார் என்று எல்லம்மா நம்பினார். ஒவ்வொரு நாளும் பந்தலை அண்ணாந்து பார்ப்பார், சாரைப் பார்ப்பார், மறுபடி பந்தலைப் பார்ப்பார். ஒன்றும் நடக்கவில்லை. பூக்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. இரண்டாவது மெமோ வந்தது. இந்த முறை எல்லம்மா சிரிக்கவில்லை.

"போன தபா எழுதிக் குடுத்தனே சார்."

"வந்துச்சும்மா. பத்திரமா ஃபைல்ல இருக்கு."

"ஃபைல்ல இருந்தா பூ காய்க்குமா?"

"அதுக்கும் சேத்து எழுதிக் குடு."

இரண்டாவது பதிலும் வந்தது. அதுவும் தெலுங்கு. எழுத்து கொஞ்சம் அழுத்தமாக, தாள் சில இடங்களில் பேனாமுனை குத்திக் கிழிந்திருந்தது. முத்திரை, துளை, கோப்பு.

மூன்றாவது மெமோவோடு விசாரணை அறிவிப்பும் சேர்ந்து வந்தது. மூன்று மெமோ என்றால் நீக்கம் என்பது அவர் தொழிற்சாலையின் வழக்கம். இங்கே அது வெறும் ஒரு வீட்டு விஷயமாக இருக்காது. குவாலிட்டி சார்தான் எங்கள் லேஅவுட் சங்கத்தின் செயலாளர். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பலகையில் அவர் நீக்க அறிவிப்பு ஒட்டினால், மற்ற மூன்று வீட்டிலும் வேலை போய்விடும். என் வீடு உட்பட என்றுதான் எழுத வேண்டும். என் மனைவி அன்றைக்கே கேட்டாள்: "அப்ப நாமளும் எல்லம்மாவை நிறுத்தணுமா?" நான் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் எங்கள் வாசலில் தண்ணீர் ஊற்றும்போது எல்லம்மா என்னிடம் கேட்டார். "நாயித்துக்கெழம வெசாரணையில நீங்களும் உக்காருவீங்களாமே சார்?"

"ஆமா. நடுநிலை உறுப்பினர்."

"நடுவுல உக்காருங்க, பரவால்ல. இந்த முட்டிய வெச்சிக்கினு ஷெட்டுக்குத் திரும்பப் போனா ரெண்டு நாளு தாங்க மாட்டன். அத மட்டும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பந்தலுக்குக் கீழே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். புகார் கொடுத்தவர், விசாரிக்கிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் குவாலிட்டி சார். ஆள் பற்றாக்குறை என்றார். அக்கா சாட்சி. நான் உறுப்பினரும் குறிப்பெழுதுகிறவரும். எல்லம்மா நாற்காலியில் உட்கார மறுத்துப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே நிறையப் பூ. தேனீக்கள் முழு வருகையோடு சுற்றிக்கொண்டிருந்தன.

குவாலிட்டி சார் குற்றச்சாட்டைப் படித்தார். கோப்பிலிருந்த தாள்களை வரிசையாக எண்ணச் சொன்னார். மெமோ ஒன்று, பதில் ஒன்று, மெமோ இரண்டு, பதில் இரண்டு, மெமோ மூன்று. இணைப்பாக மூங்கில் அகற்றல் படிவம் ஒன்று.

"இணைப்புகள் வாசிக்கப்பட்டதாகப் பதிவு செய்யலாம்," என்றார்.

நான் குறிப்பெழுதுவதில் கறாரானவன். நடக்காததை நடந்ததாக எழுத வராது. "வாசிக்கலையே சார்," என்றேன்.

"என்ன?"

"பதில் ரெண்டையும் இன்னும் யாரும் வாசிக்கலை. வாசிச்சாத்தான் வாசிச்சதா எழுத முடியும்."

அவர் தாளைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நான் அக்காவிடம் நீட்டினேன். அக்கா எல்லம்மாவிடம் நீட்டினார்.

எல்லம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சார், நீங்க இத இன்னும் படிக்கவே இல்லியா?"

குவாலிட்டி சார் தாளிலிருந்த 'பெறப்பட்டது' முத்திரையைப் பார்த்தார்.

"எம்மா, இவரு படிச்சிட்டுத்தான் சும்மா இருக்காருன்னு நானு மூணு மாசமா மனசுக்குள்ள திட்டிக்கினு இருக்கன்!"

"நான் முப்பது வருஷமாத் திட்டிக்கிட்டுதான் இருக்கேன். நீ படி," என்றார் அக்கா.

எல்லம்மா தாளைக் கண்ணுக்குத் தூரத்தில் பிடித்து, தெலுங்கில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொன்னார். "சாருக்கு எல்லம்மா எழுதிக்கிறது. தண்ணி நானு அளவாத்தான் ஊத்துறன். கொடி நல்லாத்தான் இருக்குது. நீங்க தூக்கிப் போட்ட மூங்கில்லதான் கருவண்டு குடித்தனம் இருந்துச்சு. இந்தப் பூவுக்கு அதுதான் ஆளு. சின்ன தேனீ கீழ நொழஞ்சி தேனக் குடிச்சிட்டுப் போயிடும், தலைக்கு மேல இருக்கிற மகரந்தம் அதும்மேல படாது. பெரிய வண்டு வந்தாத்தான் முதுகு ஒரசும். ஒரசினாத்தான் காய். ரெண்டு காஞ்ச மூங்கிலு கட்டினா திரும்ப வரும். நீங்க சரின்னு சொன்னா எங்கூர்ல இருந்து நானே கொண்டாந்து கட்டுறன்."

இரண்டாவது தாள் சின்னது. "போன தாள்ல எழுதினதேதான். படிச்சிட்டுச் சும்மா இருந்தீங்கன்னா அது நல்லா இல்ல. படிக்கலன்னா மெமோ எதுக்கு?"

மேலே ஒரு பூ காம்போடு கழன்று, விசாரணைக் கோப்பின்மேல் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

குவாலிட்டி சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலையில் செய்கிறபடி ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டு போனார். எங்களிடம் இல்லை, தனக்குத் தானே. "காய் ஏன் வரலை? வண்டு வரலை. வண்டு ஏன் வரலை? வீடு இல்லை. வீடு ஏன் இல்லை? மூங்கிலை எடுத்தாச்சு. மூங்கிலை ஏன் எடுத்தாச்சு..." அங்கே நின்றார். "பைப் வெல்டிங் பண்ண வந்தவர்..."

"அவரு மூடி போட வேணாம்னுதான சொன்னாரு," என்றார் அக்கா.

அவர் அகற்றல் படிவத்தை எடுத்தார். உத்தரவிட்டவர் என்ற இடத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். சுவரில் பச்சை நட்சத்திரத்தைப் பார்த்தார். நான் குறிப்பில் 'பொறுப்பாளர்' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்துவிட்டுப் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். எல்லம்மா பந்தல் காலை விடவில்லை.

"ஆள் இல்லாத காரணம் கிடையாதுல்ல," என்று தணிந்த குரலில் சொன்னார் குவாலிட்டி சார். தன் பெயரைச் சொன்னார். காலாவதியான தன் ஊழியர் எண்ணையும் சேர்த்துச் சொன்னார். நான் எழுதினேன். எல்லம்மா மீதான மூன்று மெமோவும் ரத்து. அதையும் எழுதினேன். பிறகு அவர் சொன்னதைக் குறிப்பில் எழுதவில்லை. என் நாட்குறிப்பில்தான் எழுதினேன்.

"கம்பெனியிலயும் தெலுங்குல, கன்னடத்துல பதில் வரும் சார். நிறைய வரும். தேதி இருக்கா, கையெழுத்து இருக்கான்னு பாத்து ஃபைல் பண்ணிடுவேன்."

ஆனால் மனிதர் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அன்று மதியமே தனக்கு ஒரு மெமோ எழுதிக்கொண்டார். விளக்கத்துக்கு ஏழு நாள் அவகாசம் கொடுத்துக்கொண்டார். ஏழாம் நாள் விளக்கம் கொடுத்தார், பெறப்பட்டது என்று முத்திரை குத்தினார், இந்த முறை படித்தார், திருப்தியில்லை என்று எழுதினார். முப்பது நாள் தோட்டத்திலிருந்து தற்காலிகப் பணிநீக்கம்.

அந்த முப்பது நாளும் அவர் பின்பக்க ஜன்னலுக்கு உள்ளே நின்றார். எல்லம்மா தன் ஊரிலிருந்து காய்ந்த மூங்கில் நான்கு துண்டு கொண்டுவந்து, கயிறு போட்டு இரும்புப் பந்தலின் அடியில் கட்டினார். வேலையைப் பார்க்க நானும் போயிருந்தேன்.

"எல்லம்மா, மட்டம் பாத்துக் கட்டு. இடது பக்கம் ஏறியிருக்கு," என்றது ஜன்னல்.

"நீங்க சஸ்பெண்டு சார். தலைய உள்ள இழுங்க."

தலை உள்ளே போனது. மூன்று வாரம் கழித்து ஒரு காலை, ஜன்னலிலிருந்து அலறல் கேட்டு என் வீட்டிலிருந்து ஓடினேன். "எல்லம்மா! வந்திருச்சு! என்ட்ரி போடு! மணி எட்டு பதினொன்னு!" பூவுக்குள் ஒரு கருவண்டு முதுகு முழுக்க மஞ்சளாக முண்டிக்கொண்டிருந்தது. எல்லம்மா பதிவேட்டைத் தேடிப் போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டைப் பார்த்தார். குவாலிட்டி சார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எழுதப்படாத அந்த வண்டு போகும்வரை பார்த்தார்.

முப்பத்தோராம் நாள் காலை ஏழு மணிக்கு நீலச் சட்டையோடு தோட்டத்துக்குள் இறங்கினார். கொடியில் பச்சைக் கோலிக்குண்டு அளவில் ஏழெட்டுப் பிஞ்சுகள். அக்கா கதவருகே காபியோடு நின்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம். சார் பிஞ்சுகளைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்த்துவிட்டார். மூங்கிலுக்கு நேர் கீழே, மஞ்சள் கோட்டின் மேல், கைப்பிடி அளவு மரத்தூள் குவிந்து கிடந்தது. அண்ணாந்தார். மூங்கிலில் புதிதாக ஒரு வட்டத் துளை.

எல்லம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்தார். பெருக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார்.

குவாலிட்டி சார் உள்ளே போனார். ஏழு ஆறுக்குப் போனவர் ஏழு ஒன்பதுக்குத் திரும்பி வந்தார். கையில் மஞ்சள் பெயின்ட் டப்பா, பிரஷ், அடிக்கோல். மூட்டு வலியோடு குனிந்து, உட்கார்ந்து, மரத்தூளைச் சுற்றி அளந்து நான்கு பக்கமும் கோடு போட்டார். கட்டத்தின் மூலையில் சின்ன எழுத்தில் 'மரத்தூள்' என்று எழுதினார். எழுந்து, தூரத்திலிருந்து பார்த்தார். மண்வெட்டிக்கு ஒன்று, வாளிக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, இதற்கு ஒன்று.

"சார்," என்றார் எல்லம்மா, "கட்டத்துக்கு வெளிய கொட்டுச்சின்னா? அதுக்கும் மெமோவா?"

அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"முதல் தடவைதான," என்றார். "வாயால சொல்லிப் பாப்போம்."